பகடிவதையில் ஆறு பாத்திரங்கள்

ஆசிரியர்களே, தேர்வு எழுதும் மாணவர்களே,

பகடிவதை என்றதும் வதைப்பவர், வதைபடுபவர் என இருவரே நம் நினைவுக்கு வருவார்கள். வகுப்பில் இருக்கும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

1996இல் பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவர் குழுவினரும் 573 ஆறாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்து, ஆறு பாத்திரங்களை வகுத்தனர்:

1. வதைப்பவர் – தொடங்கி வைப்பவர்
2. உதவியாளர் – கூடவே சேர்ந்துகொள்பவர்
3. ஊக்குவிப்பவர் – சிரித்து, கைதட்டி ஏற்றிவிடுபவர்
4. ஒதுங்கி நிற்பவர் – "நமக்கேன் வம்பு" என்பவர்
5. காப்பவர் – தடுப்பவர், ஆறுதல் சொல்பவர்
6. வதைபடுபவர்

இந்தப் பாத்திரங்கள் அந்தச் சம்பவத்தோடு முடிவதில்லை. ஜொகூரில் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். முதல் வாரமே ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. பிறகு குழு வேலையில் அவனை யாரும் சேர்ப்பதில்லை. சிற்றுண்டிச்சாலையில் அவன் அமர்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு அவன்மேல் வெறுப்பில்லை. அந்தப் பெயர் நமக்கும் வந்துவிடுமோ என்ற பயம்தான். நாளடைவில் அவன் பேசுவதையே குறைத்துக்கொள்கிறான். கேட்டால், "அவன் எப்பவுமே அப்படித்தான் டீச்சர்" என்கிறார்கள். சுமத்தப்பட்ட பாத்திரம் அவன் குணமாகவே ஆகிவிடுகிறது.

மாற்ற முடியுமா? முடியும். கனடாவில் பள்ளித் திடல்களில் காணொளிப் பதிவு செய்து நடத்திய ஆய்வு 2001இல் வெளிவந்தது. சக மாணவர்கள் தலையிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் 10 வினாடிக்குள் வதை நின்றது. ஆனால் தலையிட்டவர்கள் குறைவு. ஆகவே நாம் பேச வேண்டியது ஒதுங்கி நிற்பவர்களிடம்தான்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியவை:

• குழுவை மாணவர்களே பிரித்துக்கொள்ள விடாமல் நீங்களே பிரியுங்கள்.
• "சும்மா விளையாட்டுக்குத்தான் டீச்சர்" என்றால், "அவனும் சிரிச்சானா?" என்று கேளுங்கள்.
• ஆசிரியரிடம் சொல்வது கோள் சொல்வதாகாது என்பதை விளக்குங்கள்.
• எல்லார் முன்னும் தடுக்கத் துணிவில்லாதவரிடம், பிறகு அவன் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள். அதுவும் காப்பதுதான்.

மாணவர்களே, கட்டுரையில் பகடிவதைக்குக் காரணமாகப் பெற்றோர், ஊடகம் என்று மட்டும் எழுதாமல், பார்வையாளரின் பங்கையும் ஒரு கருத்தாக எழுதுங்கள். நம் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கான பிரிவுகள் 11 ஜூலை 2025இல் நடப்புக்கு வந்ததையும் சேர்க்கலாம். வதைப்பவரைச் சட்டம் தண்டிக்கலாம். சிரித்தவரையும் ஒதுங்கியவரையும் காப்பவராக மாற்றும் வேலை வகுப்பறையில்தான் நடக்க வேண்டும்.