சர்ப்ரைஸ் ட்ரிப்: இடம் தெரிய வேண்டாம், பணம் எங்கிருந்து வருதுன்னு தெரியணும்

இந்தப் பதிவை ஒரு சொந்தக் கதையோட ஆரம்பிக்கிறேன். சேனல்ல இதைச் சொல்லணும்னு ரெண்டு தடவை கேமரா முன்னாடி உட்கார்ந்தேன். ரெண்டு தடவையும் பாதியில நிறுத்திட்டேன். எழுதறது கொஞ்சம் சுலபமா இருக்கு.

2019 ஜூலை. எங்களுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டாவது வருஷம். கணவரோட பிறந்தநாளுக்கு அவருக்கே தெரியாம மைசூர் ட்ரிப் பிளான் பண்ணினேன். சனிக்கிழமை காலையில சென்னை சென்ட்ரல்ல சதாப்தி ஏறும் வரைக்கும் அவருக்கு எந்த ஊருன்னே தெரியாது. டிக்கெட், ரூம் எல்லாம் ஜூன் 10 வாக்குல என் கிரெடிட் கார்டுல போட்டேன். மொத்தம் சுமார் 26,000 ரூபாய். ஜூன் 17-ல ஸ்டேட்மென்ட் வந்துச்சு. கட்ட வேண்டிய கடைசி நாள் ஜூலை 7. ஆட்டோ டெபிட் போட்டிருந்ததால அதைப் பத்தி நான் யோசிக்கவே இல்லை.

ஜூலை 7 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு சாயங்காலம் 7 மணிக்கு மைசூர் அரண்மனைல விளக்கு போடுவாங்க, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு. அதைக் காட்டத்தான் நான் அந்தத் தேதியையே தேர்ந்தெடுத்தேன். கூட்டத்துல நின்னுட்டு இருக்கோம், அவர் போன்ல ஒரு எஸ்.எம்.எஸ். எங்க ஜாயின்ட் அக்கவுன்ட்லேர்ந்து 26,000 போயிருந்துச்சு. அந்தக் கணக்குல இருந்ததே 40,000 சொச்சம். திங்கட்கிழமை காலையில அவர் தங்கையோட காலேஜ் ஃபீஸ் கட்ட எடுத்து வெச்ச பணம் அது.

என் கார்டு பில் அந்த ஜாயின்ட் அக்கவுன்ட்லேர்ந்து போகுதுங்கறதை நான் மறந்துட்டேன். நான் ஒரு சி.ஏ. அடுத்தவங்க கணக்கைச் சரிபார்க்கறதுதான் என் தொழில்!

விளக்கு எரிஞ்சப்போ எல்லாரும் "ஆ"ன்னாங்க. என் கணவர் போனைப் பார்த்துட்டு இருந்தார். அன்னிக்கு ராத்திரியே நண்பர்கிட்ட கைமாத்து வாங்கி மறுநாள் ஃபீஸ் கட்டிட்டார். அதனால தங்கைக்கு எந்தப் பிரச்சினையும் வரலை. ஆனா திரும்பி வர்ற வழியில அவர் ஒண்ணு கேட்டார்: "பணம் போனது பரவாயில்லை. ஃபீஸ் பணத்துல இருந்து போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" சொன்னா சர்ப்ரைஸ் போயிடுமேன்னு நான் சொன்னேன். அவர் அதுக்கு மேல பேசலை. காட்பாடி தாண்டியும் பேசலை.

அவர் கேட்டது நியாயம். நான் சொன்னதும் பொய்யில்லை. ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல சரியா இருக்க முடியும்?

யோசிச்சுப் பார்த்தா, நான் ரெண்டு விஷயத்தை மறைச்சிருக்கேன். எங்கே போறோம்ங்கறது ஒண்ணு. அதுக்கு எந்தப் பணம் போகுதுங்கறது இன்னொண்ணு. முதல்ல சொன்னதை மறைச்சா சந்தோஷம். ரெண்டாவதை மறைச்சா என்ன ஆகும்னு மேலே படிச்சீங்க. அதனால பணத்தைப் பத்தி முதல்லயே பேசிடணும், ட்ரிப்புக்கு ஆறேழு மாசம் முன்னாடியே, ட்ரிப்னு சொல்லாமலே.

கேள்வி கேட்காத கணக்கு

எங்க வீட்ல இப்போ இப்படித்தான். சம்பளம் வந்ததும் வாடகை, இ.எம்.ஐ., எஸ்.ஐ.பி., மளிகைக்கான பங்கு ஜாயின்ட் அக்கவுன்ட்டுக்குப் போயிடும். அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு தொகை, தனித்தனிக் கணக்குல. அதை எதுக்கு செலவு பண்ணினேன்னு மத்தவர் கேட்கக்கூடாது. புடவை வாங்கலாம், கிரிக்கெட் பேட் வாங்கலாம், ஒரு வருஷம் சேர்த்து வெச்சு ஒருநாள் காலையில "பையை எடுத்துட்டு வா"ன்னு சொல்லலாம். அளவு எவ்வளவுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். எதுக்குன்னுதான் தெரியாது. சம்பளம் வித்தியாசமா இருந்தாலும் தொகை ஒண்ணா இருக்கறது நல்லதுன்னு நினைக்கிறேன். இதுல உங்களுக்கு வேற அபிப்பிராயம் இருக்கலாம்.

இன்னும் கல்யாணம் ஆகலைன்னா ஜாயின்ட் அக்கவுன்ட் பிரச்சினை இருக்காது. ஆனா நீங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குன்னு சேர்த்து வெச்சிருக்கிற பணத்துல கை வைக்கறீங்கன்னா, அதுவும் இதே கதைதான்.

இப்போ கணக்கு. அதே மைசூர், சனிக்கிழமை போய் திங்கட்கிழமை வர்ற மாதிரி, ரெண்டு ராத்திரி. இப்போ வந்தே பாரத் இருக்கு, விடியற்காலையில கிளம்பினா மதியத்துக்குள்ள போயிடலாம். சேர் கார் ஒருத்தருக்கு 1,300 ரூபாய்னு வெச்சுக்குவோம். போக வர ரெண்டு பேருக்கு 5,200. ரூம் ஒரு ராத்திரிக்கு 3,500, வரியோட ரெண்டு ராத்திரிக்கு 7,350. சாப்பாடு 5,000. ஆட்டோ, டாக்சி 3,000. டிக்கெட், சாமுண்டி மலை, தேவராஜா மார்க்கெட், கொஞ்சம் மைசூர் பாக், கொஞ்சம் சந்தன சோப்புன்னு 4,000. வீட்லேர்ந்து சென்ட்ரல் போக வர 1,000. கூட்டினா 25,550. கையிருப்புக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து 28,000ன்னு எடுத்துக்கலாம்.

மாசம் 4,000 வீதம் ஏழு மாசம். ஆர்.டி. போட்டா 6 சதவீத வட்டில சுமார் 560 ரூபாய் கூட வரும். அந்த 560-க்காக இதைச் சொல்லலை. சேவிங்ஸ் அக்கவுன்ட்ல விட்டா மூணாவது மாசமே அந்தப் பணம் ஸ்விக்கிக்குப் போயிடும், அதனாலதான். ஆர்.டி. உங்க தனிக் கணக்குலேர்ந்து, உங்க மொபைல் நம்பர்ல இருக்கட்டும்.

"ஏழு மாசம் எல்லாம் முடியாது, பிறந்தநாள் அடுத்த மாசம்"னு சொல்றவங்களுக்கு: அடுத்த மாசத்துக்கு 4,000 ரூபாய்ல என்ன முடியுமோ அதைப் பண்ணுங்க. காலையில ரயிலேறி காஞ்சிபுரம் போய் சாயங்காலம் திரும்புங்க. சர்ப்ரைஸ் சர்ப்ரைஸ்தான்.

கார்டுல போட்டா என்ன?

முழு பில்லையும் கடைசி நாளுக்குள்ள கட்டறவரா இருந்தா தாராளமா போடுங்க. பணம் ஏற்கனவே ஆர்.டி.யில இருக்குங்கறப்போ கார்டு வெறும் கருவிதான். பிரச்சினை, மினிமம் ட்யூ மட்டும் கட்டறவங்களுக்கு. 28,000-க்கு 5 சதவீதம்னா 1,400 கட்டினா போதும்னு ஸ்டேட்மென்ட் சொல்லும். மீதி 26,600. மாசம் 3.5 சதவீத வட்டின்னா 931, அதுக்கு மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. 168. அடுத்த மாசம் நீங்க கட்டற 1,400-ல சுமார் 1,100 வட்டிக்கும் வரிக்கும்தான் போகும். அசல் 300 ரூபாய் குறையும். இதுல இன்னொரு அடி இருக்கு: பாக்கி வெச்சிருக்கிற வரைக்கும் அந்தக் கார்டுல நீங்க புதுசா வாங்கற எதுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. பெட்ரோல் போட்ட அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.? பேர்லதான் காஸ்ட் இல்லை. வட்டியைத் தள்ளுபடியா திருப்பித் தர்றாங்க, சரி. ஆனா அந்த வட்டி மேல வர்ற ஜி.எஸ்.டி.யும் ப்ராசஸிங் கட்டணமும் உங்க தலையில. 28,000-ஐ ஆறு மாசத்துக்கு 15 சதவீதத்துல பிரிச்சா வட்டி சுமார் 1,240, அதுக்கு ஜி.எஸ்.டி. 223. ப்ராசஸிங் 199-ம் அதுக்கு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தா 235. ஆக 460 ரூபாய் வருது. பெரிய தொகை இல்லைதான். ஆனா ட்ரிப் முடிஞ்சு ஆறு மாசம், ஒவ்வொரு மாசமும் அந்த எஸ்.எம்.எஸ். வரும். அது யார் கண்ணுல படும்னு யோசிச்சுக்குங்க.

7,500-ங்கற கோடு

ரூம் தேடும்போது நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து, ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் இருந்தா ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினா 18. தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, முழு வாடகைக்கும். 7,500 ரூபாய் ரூம் வரியோட 7,875. 7,600 ரூபாய் ரூம் வரியோட 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் பில்லுல 1,093 ரூபாயா மாறுது. வருமான வரி ஸ்லாப் மாதிரி இது படிப்படியா ஏறாது, ஒரே குதி. தசரா சமயத்துல மைசூர்ல வாடகை ஏறும்போது சாதாரண ரூம்கூட இந்தக் கோட்டைத் தாண்டலாம். அந்த மாதிரி ரூம் உள்ள ஹோட்டல்ல இருக்கிற ரெஸ்டாரன்ட்லயும் 18 சதவீதம்தான். வெளியே நல்ல மெஸ்ல 5 சதவீதம். மசால் தோசைக்கு மைசூர் வந்துட்டு ஹோட்டலுக்குள்ளேயே ஏன் சாப்பிடணும்?

சர்ப்ரைஸ் ட்ரிப்புக்குன்னே ஒரு செலவு இருக்கு. யாருக்காகப் போறீங்களோ அவங்ககிட்ட "அந்தத் தேதி ஓகேவா"ன்னு கேட்க முடியாது. அவங்க ஆபீஸ்ல அன்னிக்கு ரிலீஸ் இருக்கலாம், குவார்ட்டர் முடிவு இருக்கலாம், மாமியாருக்கு ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் இருக்கலாம். அதனால நான்-ரீஃபண்டபிள் ரூம் வேண்டாம். ரத்து செய்ய வசதியுள்ள ரூமுக்கு சில நூறு ரூபாய் கூட ஆகும். அதை இன்ஷூரன்ஸ் பிரீமியம்னு நினைச்சுக் கொடுங்க. ரயில்லயும் அப்படித்தான்: கன்ஃபார்ம் ஆன சாதாரண டிக்கெட்டை சீக்கிரமா ரத்து செய்தா பிடித்தம் குறைவு. தத்கால் கன்ஃபார்ம் டிக்கெட்டை ரத்து செய்தா ஒண்ணும் திரும்ப வராது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடியே திறக்குது, தத்கால் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. லீவ் விஷயத்துக்கு அவங்க டீம்ல ஒரு நண்பரைக் கூட்டு சேர்த்துக்குங்க. என் கணவரோட மேனேஜர்கிட்ட நானே பேசினேன், அவர் என்னைவிட நல்லா நடிச்சார்.

ரூம் போடறதுக்கு முன்னாடி அவங்க செக்-இன் விதிகளைப் படிங்க. ரெண்டு பேரோட அடையாள அட்டையும் கேட்பாங்க, அதனால அவங்க ஆதார் பர்ஸ்ல இருக்கான்னு முந்தின நாளே பார்த்துடுங்க. கல்யாணம் ஆகாதவங்க ஒரே ரூம்ல தங்கறதுக்கு எந்தச் சட்டமும் தடை சொல்லலைன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பர்லயே சொல்லியிருக்கு. ஆனா சில ஹோட்டல்கள் தங்களோட சொந்த விதின்னு வெச்சிருக்காங்க. கவுன்ட்டர்ல ராத்திரி எட்டு மணிக்கு நின்னுக்கிட்டு வாதாடறதை விட, முன்னாடியே ஒரு போன் பண்ணிக் கேட்டுடலாம்.

கடைசியா, என்கிட்ட எல்லாரும் கேட்கிற எல்.டி.ஏ. "மேடம், இந்த ட்ரிப்பைக் காட்டி வரி மிச்சம் பண்ணலாமா?" புது வரி முறையில இருந்தா முடியாது, அவ்வளவுதான். பழைய முறையில இருந்து, உங்க சம்பளத்துல எல்.டி.ஏ. இருந்து, ஆபீஸ்ல லீவ் போட்டுப் போனா முடியும். வெறும் சனி ஞாயிறுன்னா லீவே போடலையே, அதனால திங்கட்கிழமை லீவ் இங்கே உதவும். ஆனா டிக்கெட் செலவுக்கு மட்டும்தான் விலக்கு. ரூம், சாப்பாடு, டாக்சி எதுவும் வராது. நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணம், இப்போ நடக்கறது 2026-29. மனைவி அல்லது கணவர் குடும்பக் கணக்குல வருவாங்க, காதலி வரமாட்டாங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்கன்னா ஒரே பயணத்தை ரெண்டு ஆபீஸ்லயும் காட்டக்கூடாது. நம்ம உதாரணத்துல 5,200 ரூபாய்க்கு, 20 சதவீத ஸ்லாப்ல செஸ்ஸோட சுமார் 1,080 மிச்சம். கிடைச்சா வாங்கிக்குங்க. இதுக்காகப் பழைய முறைக்கு மாறாதீங்க.

போன வருஷம் என் பிறந்தநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கணவர் வந்து "நாளைக்குக் காலையில நாலு மணிக்கு எழுந்துக்கோ"ன்னார். எங்கேன்னு கேட்டேன், சொல்லலை. "என் கணக்குலேர்ந்துதான்"னு மட்டும் சொன்னார். சென்ட்ரல்ல போர்டைப் பார்த்தப்போதான் தெரிஞ்சது, திரும்பவும் மைசூர். ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு முன்னாடி ரெண்டு பேர் போனையும் வாங்கி என் ஹேண்ட்பேக்ல போட்டுட்டார்.