பெரிய காருக்கு டயர் மாற்றுகிறீர்களா?



தோட்டத்து மக்களுக்கும் பி.எம்.டபிள்யூ. காருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களிலிருந்து வேலை தேடிப் பட்டணம் போன நம் பிள்ளைகளில் சிலர், முதலாளிமாரின் பெரிய கார்களை ஓட்டுகிறார்கள். சிலர் டயர்க் கடையிலும் பட்டறையிலும் வேலை செய்கிறார்கள். இன்னும் சிலர், ஆறேழு வருடம் ஓடிய ஜெர்மன் கார் ஒன்றைத் தவணைக்கு வாங்கி, தீபாவளிக்கு வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். பெற்றவர்களுக்குப் பெருமைதான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பழைய காரின் விலை குறைந்திருக்கலாம். அதற்குப் போடும் டயரின் விலை குறைவதில்லை.

2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பெரிய காருக்கு நல்ல டயர் நான்கு வாங்கினால் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். ஆகவே கையில் காசில்லாத நேரத்தில், "எந்த டயராக இருந்தால் என்ன, உருண்டையாக இருந்தால் சரி" என்ற எண்ணம் தலைதூக்குகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், மழையில், குடும்பத்தைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு போகும்போது அந்த எண்ணத்தின் விலை தெரியவரும்.

நம் மண்ணில் தொடங்கிய கதை

டயரைப் பற்றிப் பேச மலாக்காக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளை 1876-இல் ஹென்றி விக்கம் லண்டனுக்குக் கொண்டு போனார். மறு ஆண்டே கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி, ரப்பர் பயிரிடும்படி தோட்டக்காரர்களை ஓயாமல் தூண்டி வந்தார். அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896-இல் அவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். மலாயாவில் ரப்பர் ஒரு வாணிபப் பயிராகத் தொடங்கியது அங்கேதான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1888-இல், டன்லப் என்ற கால்நடை மருத்துவர் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரைச் செய்திருந்தார். பிறகு மோட்டார் கார் பெருகியது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. நம் முன்னோர்கள் கப்பலேறி வந்து இங்கே பால் வெட்டினார்கள். இன்று அந்தக் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாக மாறிவிட்டது. என்றாலும் நம் தாத்தா பாட்டிமார் மங்கில் ஏந்திய பால் கடைசியில் எந்தப் பொருளாக மாறியது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

டயரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கச் சுவரில் எண்களும் எழுத்துகளும் இருக்கும். அது ஒன்றும் மந்திரமில்லை. நான்காம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும். பி.எம்.டபிள்யூ. ஐந்தாம் வரிசைக் கார்களில், 19 அங்குலச் சக்கரம் பூட்டியவற்றில், முன்டயரில் 245/40 ஆர் 19 என்றிருப்பதைப் பார்க்கலாம்.

245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 40 பங்கு. 245-இல் நூற்றுக்கு 40 என்றால் 98 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். 19 என்பது சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில்.

இதே காரின் பின்டயரைப் பாருங்கள். பலவற்றில் 275/35 ஆர் 19 என்றிருக்கும். பின்சக்கரந்தான் காரைத் தள்ளுகிறது. ஆகவே அதற்கு அகலம் கூடுதல். அகலம் கூடினாலும் உயரம் மாறவில்லை. முன்டயரின் மொத்த விட்டம் சுமார் 679 மில்லிமீட்டர். பின்டயருக்குச் சுமார் 675. ஒரு சுற்றுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் போகின்றன. இந்தக் கணக்கைக் கெடுத்து வேறு அளவைப் போட்டால், வேகமானி தவறாகக் காட்டும். சக்கரம் வழுக்காமல் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கருவியும் குழம்பும். நான்கு சக்கரமும் இழுக்கும் வகைக் காராக இருந்தால் பல்சக்கரப் பெட்டியே பழுதாகலாம்.

முன்னும் பின்னும் அளவு வேறாக உள்ள காரில் முன்டயரைப் பின்னுக்கு மாற்றிப் போட முடியாது. சிறிய கார்களில் டயரை இடம் மாற்றி ஆயுளைக் கூட்டுகிறோமே, அந்த வழி இங்கே இல்லை. அதனால்தான் இக்கார்களில் பின்டயர் சீக்கிரம் தேய்ந்து செலவு வைக்கிறது.

பாரமும் வேகமும்

அளவுக்கு அடுத்தாற்போல் 98 ஒய் என்பது போல ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் பாரத்தைக் குறிக்கிறது. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். 98 என்றால் 750 கிலோ. 100 என்றால் 800 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிக்கிறது. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300.

"நம் நெடுஞ்சாலையில் 110-க்கு மேல் போகக் கூடாதே, 300 எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேகம் கூடினால் டயர் சூடாகும். சூட்டைத் தாங்கத்தான் உள்ளே பலமான கட்டுமானம் தேவை. கனமான காரைச் சட்டென்று பிரேக் போட்டு நிறுத்தவும், வளைவில் பிடித்து வைக்கவும் அதே பலந்தான் உதவுகிறது. ஆகவே கார்க் கையேட்டில் சொன்ன எண்ணுக்கும் எழுத்துக்கும் குறையாத டயரையே வாங்குங்கள். அளவு ஒன்றாக இருந்தும் பார எண் குறைந்த டயர் கடையில் மலிவாகக் கிடைக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

சில டயர்களில் கூடுதலாக ஒரு சிறு குறியும் இருக்கும். நட்சத்திரம் இருந்தால் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் சோதித்து ஒப்பியது, எம்.ஓ. என்றிருந்தால் மெர்சிடிஸ், ஏ.ஓ. என்றிருந்தால் ஆடி. குறி இல்லாத டயர் கெட்டது என்று பொருளல்ல. ஆனால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே இனமாகப் போடுவது நல்லது.

காற்றில்லாமல் ஓடும் டயர்

பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் உபரிச் சக்கரம் கிடையாது. பக்கச் சுவர் தடித்த, காற்றுப் போனாலும் நொறுங்காத 'ரன்-பிளாட்' டயரைப் போட்டு அனுப்புகிறார்கள். ஆணி குத்திக் காற்றுப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போய்ச் சேரலாம். இரவு நேரத்தில் குடும்பத்தோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வேண்டியதில்லை. இதன் குறைகள் இரண்டு: விலை அதிகம், குழியில் இறங்கினால் முதுகுக்குத் தெரியும்.

விலைக்காகச் சிலர் சாதாரண டயருக்கு மாறுகிறார்கள். மாறுவதானால் நான்கையும் மாற்றுங்கள். காற்றடிக்கும் சிறு இயந்திரமும் ஓட்டை அடைக்கும் மருந்தும் காரில் எப்போதும் இருக்கட்டும். இரண்டு இப்படி, இரண்டு அப்படி என்று கலக்காதீர்கள்.

பிடிப்பா, அமைதியா, ஆயுளா?

ஒரே கம்பெனி இரண்டு குணத்தில் டயர் செய்கிறது. மிஷலின் நிறுவனத்தின் பைலட் ஸ்போர்ட் வேகத்துக்கும் பிடிப்புக்கும். பிரைமசி அமைதிக்கும் சொகுசுக்கும். பிரிட்ஜ்ஸ்டோனில் பொட்டென்சா, துரான்சா என்ற பெயர்களில் அதே பிரிவு. முதலாளியை ஆயர் குரோவிலிருந்து கோலாலம்பூருக்கு அலுங்காமல் கொண்டு போகும் டிரைவர், பந்தய வகை டயரைத் தேட வேண்டியதில்லை.

பல டயர்களில் தேய்மான எண் ஒன்றும் அச்சிட்டிருக்கும். எண் கூடினால் ஆயுள் கூடுதல் என்று கொள்ளலாம். ஆனால் நெடுநாள் உழைக்கும் கெட்டியான ரப்பர், பிடிப்பைச் சற்று விட்டுக்கொடுப்பது வழக்கம். பக்கத்திலேயே ஏஏ, ஏ, பி, சி என ஓர் எழுத்தும் இருக்கும். ஈரத் தரையில் நேராகப் போகையில் எவ்வளவு நன்றாக நிற்கும் என்பதற்கு அது அடையாளம். மாலையானால் கொட்டும் நம்மூர் மழைக்கு ஏஏ அல்லது ஏ உள்ள டயரே உகந்தது.

டயரின் மேலுள்ள வெட்டுக் கோலத்தை மலாய் மொழியில் 'புங்கா', அதாவது பூ, என்கிறார்கள். அழகுக்காக வெட்டியதல்ல அது. சாலையில் நிற்கும் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் வாய்க்கால் அது. வாய்க்கால் தூர்ந்தால் வயல் மூழ்குவது போல, பூத் தேய்ந்தால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் கேட்காது. வாய்க்காலுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். பூ அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழை மிகுந்த ஊரில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது அறிவுடைமை.

மலிவுச் சரக்கில் மூன்று ஆபத்து

முதலாவது, பழைய டயர். மேலே பூ நிறைய இருக்கும்; உள்ளே ஒட்டுப் போட்டிருக்கும், அல்லது காற்றுக் குறைவாக ஓடி நரம்பு நொந்திருக்கும். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, பனிக்கால டயர். குளிர் நாட்டிலிருந்து கழித்து வந்த டயர்கள் நம் சந்தைக்கும் வரலாம். பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துளிப் பூவும் இருந்தால் அது பனிக்காலத்துக்கு உரியது. அதன் மெத்தென்ற ரப்பர் மலாக்கா வெயிலில் விரைவில் தேயும், வளைவில் நெளியும்.

மூன்றாவது, புதுப்பூ ஒட்டிய டயர். லாரிகளுக்கு முறையாகச் செய்தால் அது நல்ல தொழில்தான். விமானங்களுக்குக்கூட அப்படிச் செய்கிறார்கள். ஆனால் வேகமாக ஓடும் பெரிய காருக்கு அது வேண்டாம்.

புது டயரானாலும் வயதைக் கேளுங்கள். டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 1823 என்றால் 2023-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் செய்தது. குட்இயர் நிறுவனத்தின் ஷா ஆலம் ஆலை 2024-இல் மூடப்பட்டுவிட்டது. கடைகளில் இன்று விற்கும் டயர்களில் வெளிநாட்டிலிருந்து வருபவை பல. எத்தனை கிடங்குகளில் கிடந்து வந்ததோ, யார் கண்டது? ரப்பர் கிடந்தாலும் மூப்படையும். பூ மிச்சமிருந்தாலும் ஆறு வருடத்தில் மாற்றிவிடச் சொல்கிறது பி.எம்.டபிள்யூ. நிறுவனம்.

பூட்டுவதற்கு முன்னும் பின்னும்

கழற்றிய டயரைத் தூக்கிப் போடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கர நேர்க்கோடு சரியில்லை. காரணத்தைத் திருத்தாமல் புது டயர் போட்டால், புதியதும் அதே வழியில் போகும். பூட்டியதும் எடை சமநிலையும் நேர்க்கோடும் பார்க்கச் சொல்லுங்கள்.

காற்றின் அளவு டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைய ஏறினால் கூடுதல் அளவு தனியாகக் குறித்திருக்கும். டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது.

பிள்ளைகள் பெரிய கார் வாங்கப் போகிறேன் என்று வந்தால், மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். "தம்பி, நாலு டயர் மாற்ற எவ்வளவு ஆகும்?" என்றும் கேளுங்கள். அந்தக் காசை எடுத்து வைக்க முடியாதென்றால், சிறிய கார் வாங்கி அதற்கு நல்ல டயர் போட்டு ஓட்டுவதே மேல். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. மோட்டார் சைக்கிளானாலும் சிறிய காரானாலும் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். இன்று மாலை உங்கள் வீட்டு வண்டியின் டயரைக் குனிந்து பாருங்கள். படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு அந்த எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று, உயிருக்குக் காவலும் ஆயிற்று.