கெட்டி வேறு, அடர்த்தி வேறு

பொருள்களின் இயல்பை அறிய மனிதன் முதலில் நம்பியது தன் கையையும் கண்ணையும்தான். கையில் தூக்கிப் பார்த்துக் கனமானது என்றான். கண்ணால் நோக்கிக் கெட்டியானது என்றான். அன்றாட வாழ்வுக்கு இவ்வறிவு பெரும்பாலும் போதும். ஆயினும், கையும் கண்ணும் சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடும். இதை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவன்.

ஆசிரியர் பயிற்சியை முடித்துப் பேராக் மாநிலத்தின் தோட்டப் பள்ளியொன்றில் பணியேற்ற தொடக்க காலம் அது. மிதப்பன, மூழ்குவன பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பால்மரம் வெட்டும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ரப்பர் பால் தண்ணியைவிட அடர்த்தியா சார்?" என்று கேட்டான். "பால் கெட்டியாக இருக்கிறதல்லவா? ஆகவே அதுதான் அடர்த்தி மிகுந்தது" என்றேன். அவன் உட்காரவில்லை. "ஸ்டோர்ல தண்ணி கலந்த பால்லதான் மெட்ரோலாக் மேலே எழும்பும்னு அப்பா சொல்வாரு சார்" என்றான். பாடத்துக்குப் புறம்பாகப் பேசாதே என்று அவனை உட்கார வைத்துவிட்டேன்.

அன்றிரவு யோசித்துப் பார்த்தபோதுதான் சிறுவன் சொன்னதே சரி என்பதும், நான் சொன்னது முழுத் தவறு என்பதும் புலனாயின.

இரண்டு அளவைகளின் பிள்ளை

அடர்த்தி என்பது யாது? ஒரு பொருளின் பொருண்மையை அதன் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பதே அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1 கிராம் இருக்கும். ஆகவே தண்ணீரின் அடர்த்தி 1 எனக் கொள்கிறோம். ஒரு கூழாங்கல்லைத் தராசில் இட்டால் 132 கிராம் நிற்கிறது. அதையே அளவு உருளையில் உள்ள நீரில் இறக்கினால் நீர் 50 மில்லிலிட்டர் உயர்கிறது. 132-ஐ 50-ஆல் வகுக்க 2.64 வருகிறது. கல்லின் அடர்த்தியை எந்தத் தராசும் நேரே காட்டுவதில்லை. எந்த உருளையும் காட்டுவதில்லை. இரண்டு அளவைகள் கூடிப் பெற்ற பிள்ளை அது.

கெட்டி என்று நாம் சொல்வது வேறொரு பண்பு. நீர்மம் ஒழுகுவதற்குக் காட்டும் எதிர்ப்பு அது, பாகுத்தன்மை எனப்படும். தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட மெதுவாக ஒழுகும். ஆயினும் தண்ணீரின்மேல் மிதக்கும். 'அடர்ந்த காடு', 'அடர்த்தியான குழம்பு' என்று பேசிப் பழகிய நம் நாவே இவ்விரு பண்புகளையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. நானும் அக்குழப்பத்தில் விழுந்தவனே.

கிந்தாப் பள்ளத்தாக்கின் பாடம்

அடர்த்தியை நம்பியே ஒரு தொழில் முழுவதும் நடந்த இடம் நம் கிந்தாப் பள்ளத்தாக்கு. கம்பார், கோப்பெங், பத்து காஜா ஆகிய ஊர்களைச் சுற்றி ஈய மணல் ஆற்று மணலோடு கலந்து கிடந்தது. ஆற்று மணலின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, ஈய மணலின் அடர்த்தி ஏறத்தாழ 7. பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் தந்த சிறு புட்டி ஈய மணல் எங்கள் பள்ளியில் உண்டு. இருவகை மணலிலும் 106 கிராம் நிறுத்து நீரில் கொட்டினால், ஆற்று மணல் நீரை 40 மில்லிலிட்டர் உயர்த்தும். ஈய மணல் 15 மில்லிலிட்டரே உயர்த்தும். எடை ஒன்று; அடைத்துக்கொள்ளும் இடம் வேறு.

டூலாங் தட்டிலும் பாலோங் என்னும் நீண்ட மரச் சாய்வோடையிலும் இவ்விரண்டையும் பிரிக்க நீரைப் பயன்படுத்தியது ஏன்? அமிழ்ந்த பொருளைத் தண்ணீர் தன் அடர்த்தி அளவுக்குத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே நீருக்குள் ஆற்று மணல் 1.65 போலவும், ஈய மணல் 6 போலவும் நடந்துகொள்ளும். காற்றில் 2.6 மடங்காக இருந்த வேறுபாடு நீரில் 3.6 மடங்காகப் பெருகுகிறது. இலேசான மணல் ஓடிவிட, ஈயம் தங்கிவிடுகிறது. கல்வியறியாத மூதாட்டியின் கைத்தட்டில் இயற்பியல் சுழன்றது எனலாம்.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின் இத்தொழில் வெகுவாக ஒடுங்கிவிட்டது. பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த ஐந்தாம் எண் ஈயக்கப்பலை இன்றும் காணலாம். அதன் எடை சுமார் 4,500 டன். அதைத் தாங்கிய மிதவை 75 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் உடையது. இவற்றைப் பெருக்கினால் 7,875 கன மீட்டர். 4,500-ஐ அதனால் வகுத்தால் 0.57. இரும்பு மூழ்கும், இரும்புக் கப்பல் மிதக்கும். விடை இந்த ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது.

மெட்ரோலாக் காட்டும் எண்

இனிச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். ரப்பர் பால் என்பது நீர்மத்தில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்களின் கூட்டம். ரப்பரின் அடர்த்தி ஏறத்தாழ 0.92, அதைச் சூழ்ந்த நீர்மத்தின் அடர்த்தி ஏறத்தாழ 1.02. எடையில் 35 விழுக்காடு ரப்பர் உள்ள பாலின் அடர்த்தி கணக்கின்படி 0.983 ஆகும். ரப்பர் 30 விழுக்காடாகக் குறைந்தால் அடர்த்தி 0.988-ஆக உயரும். நல்ல பால் இலேசானது. தண்ணீர் கலந்த பாலே கனமானது. கனமான நீர்மத்தில் மிதக்கும் கருவி மேலே எழும்பும். சிறுவனின் தந்தை சொன்னது இதுதான்.

ரப்பர் ஐந்து விழுக்காடு மாறினாலும் அடர்த்தி ஆயிரத்தில் ஐந்து பங்கே மாறுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இச்சிறு மாற்றத்தைக் கண்ணுக்குத் தெரியச் செய்யவே மெட்ரோலாக் பெரிய குமிழும் மெல்லிய தண்டும் கொண்டிருக்கிறது. தண்டு மெல்லியதாக இருந்தால்தான் சிறு மாற்றத்துக்கும் கருவி நன்றாக ஏறி இறங்கும்.

பால் கெட்டியாக இருப்பதால் கருவி அதில் தடையின்றி அசையாது. ஆகவே ஒரு பங்கு பாலுடன் இரு பங்கு தண்ணீர் சேர்த்து அளந்து, கிடைத்த எண்ணை மூன்றால் பெருக்குவார்கள். தண்டு 110 காட்டினால் லிட்டருக்கு 330 கிராம் உலர்ந்த ரப்பர் என்பது பொருள். அன்று ஒருவர் 25 லிட்டர் பால் கொண்டுவந்திருந்தால் அவர் கணக்கில் 8.25 கிலோ ஏறும். 110 என்பதை 105 எனப் படித்துவிட்டால் 7.875 கிலோதான் ஏறும். ஒரு நாளில் 375 கிராம் குறைவு. அதே பிழை 25 நாள் தொடர்ந்தால் 9 கிலோவுக்கு மேல் குறைவு. அதிகாலையில் காண்டா விளக்கோடு மலைக்காட்டில் ஏறி இறங்கிய உழைப்பு, தண்டின் ஒரு சிறு கோட்டில் கரைந்துவிடக்கூடும்.

இதில் யாரும் வஞ்சகம் செய்ய வேண்டியதில்லை, கவனக்குறைவே போதும். நுரையை நீக்காமல் படித்தால் எண் கூடும். பால் சூடாக இருந்தால் கருவி ஆழ்ந்து, அப்போதும் எண் கூடும். கண்ணைப் பாலின் மட்டத்துக்குக் கொண்டுவராமல் நின்றபடி பார்த்தால் எண் பிழைபடும். மரத்தின் இனத்தாலும் பருவத்தாலும் பாலிலுள்ள நீர்மத்தின் தன்மை மாறுவதால், மெட்ரோலாக் காட்டுவது மதிப்பீடே. துல்லியம் வேண்டுமானால், சிறிதளவு பாலை நிறுத்து, அமிலமிட்டு உறைய வைத்து, மெல்லியதாக அழுத்தி, நன்கு உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும்.

வகுப்பறையில்

இக்கருவியை ஒத்த ஒன்றை மாணவர்களே செய்யலாம். பருத்த உறிஞ்சுகுழல் ஒன்றின் அடியை மெழுகால் அடைத்து, உள்ளே சிறிது மணலிட்டு நிமிர்ந்து மிதக்கச் செய்க. தண்ணீரில் 12 சென்டிமீட்டர் அமிழ்ந்த குழல், தேங்காய் எண்ணெயில் 13 சென்டிமீட்டர் அமிழ்ந்தால், 12-ஐ 13-ஆல் வகுக்க எண்ணெயின் அடர்த்தி 0.92 எனக் கிடைக்கும். உப்பு நீரில் குழல் மேலெழுவதையும் காணலாம். ஒவ்வொன்றையும் மும்முறை அளந்து, மூன்று எண்களையும் எழுதச் சொல்லவேண்டும். மூன்றும் ஒன்றுபோல் வராதபோது மாணவர் கலங்குவர். அங்கேதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. வேறுபாட்டை அழித்துவிட்டு அழகான எண்ணை எழுதும் மாணவனைவிட, ஏன் வேறுபட்டது என்று கேட்கும் மாணவனே அறிவியல் கற்றவன்.

அந்தச் சிறுவன் கேட்ட மறுநாள், கரும்பலகையில் என் விடையை எழுதி நானே அதன் குறுக்கே கோடிட்டேன். அவன் தந்தை சொன்னதை மீண்டும் சொல்லும்படி அவனை அழைத்தேன். அவன் வெட்கத்தோடு சொன்னான். வகுப்பு முழுவதும் கேட்டது.

இன்று பல தோட்டங்கள் இல்லை. ஸ்டோர்களும் லயங்களும் மறைந்துவிட்டன. நம் பிள்ளைகள் நகர்ப்புறக் குடியிருப்புகளில் வளர்கிறார்கள். ஆனால் நகைக்கடைத் தராசும் மீன்கடைத் தராசும் மருந்துப் புட்டியின் அளவுக்கோடும் அவர்களுக்கு எண்களைக் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓர் எண்ணைக் கண்டதும் தலையசைக்காமல், அது எவ்வாறு அளக்கப்பட்டது என்று பணிவோடு கேட்கும் துணிவு அவர்களுக்கு வேண்டும். அத்துணிவு வரையறையை மனப்பாடம் செய்வதால் வராது. தன் கையால் அளந்து, பிழை கண்டு, மீண்டும் அளந்த பிள்ளைக்கே அது வரும்.