இறுகிய தொண்டைக்கு ஒரு துளி நஞ்சு

மூச்சுக்காற்றும் உணவும் ஒரே தொண்டை வழியாக இறங்கி இரு வேறு குழாய்களாகப் பிரியும் இடத்தில்தான் குரல்வளை அமைந்திருக்கிறது. ஆகவே பேசுவதும் விழுங்குவதும் தொடர்பற்ற செயல்களாகத் தோன்றினாலும், அவற்றை நடத்தும் தசைகள் மிக நெருங்கிய அண்டை வீட்டாராகவே இருக்கின்றன. இத்தசைகள் வலுவிழந்தால் குரல் எழாது, உணவு இறங்காது, பருகும் நீர் மூச்சுக்குழாயில் புகுந்து புரையேறும் என்பதைப் பலரும் அறிவர். அதே தசைகள் வேண்டாத வேளையில் இறுகிக்கொள்வதாலும் குரலும் உணவும் தடைப்படும் என்பதும், அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து உலகின் மிகக் கொடிய நஞ்சுகளுள் ஒன்று என்பதும் அவ்வளவாக அறியப்படாத செய்திகள். முகச் சுருக்கத்தை நீக்கும் ‘போடாக்ஸ்’ ஊசியாகப் பெயர்பெற்ற பொட்டுலினம் நஞ்சே அது.

இந்த நஞ்சு மருந்தாவதற்கு முன்பே தொண்டையோடு உறவு கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில், விலங்கின் குடலில் இறைச்சியையும் இரத்தத்தையும் அடைத்துச் செய்யப்படும் சாசேஜ் என்னும் உணவு கெட்டுப்போய்ப் பலரைக் கொன்றது. மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் இவ்வகையில் 155 பேருக்கு நேர்ந்ததைத் தொகுத்து 1822இல் ஒரு நூல் வெளியிட்டார். பார்வை இரட்டையாகி, வாய் உலர்ந்து, விழுங்க இயலாமல், குரல் கம்மி ஒடுங்கிய நிலையிலும் நோயாளியின் அறிவு மட்டும் தெளிவாகவே இருந்ததை அவர் குறித்துவைத்தார். நரம்புகள் அளவுமீறித் தூண்டப்படும் நோய்களுக்கு இதே நஞ்சை மிகச் சிறிய அளவில் மருந்தாகத் தரலாம் என்றும் அந்நாளிலேயே எழுதினார். சாசேஜைக் குறிக்கும் ‘பொட்டுலஸ்’ என்ற இலத்தீன் சொல்லே பின்னாளில் நோய்க்கும், பெல்ஜிய அறிஞர் எமில் வான் எர்மெங்கம் 1897இல் விவரித்த நுண்ணுயிரிக்கும், அது சுரக்கும் நஞ்சுக்கும் பெயராயிற்று.

நரம்பின் முனையிலுள்ள நுண்ணிய பைகளிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டால்தான் தசை சுருங்கும். பொட்டுலினம் நஞ்சு நரம்பு முனைக்குள் புகுந்து, அந்தப் பைகள் வெளிச்சவ்வோடு இணைவதற்கு வேண்டிய புரதத்தைத் துண்டித்துவிடுகிறது. நரம்பு உயிரோடு இருந்தும், அதன் கட்டளை தசையை எட்டுவதில்லை. நரம்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும் என்பதால், தளர்வு நிலையானதாக இருப்பதுமில்லை. கெர்னரின் எண்ணத்தை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்துச் செயலாக்கியவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணைச் சரிசெய்ய அவர் இந்நஞ்சைப் பயன்படுத்திக் கண்ட பலன் 1980இல் வெளியாயிற்று. 1989இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது.

குரலுக்கு அது வந்து சேர்ந்த வரலாறு சற்றே நின்று நோக்கத்தக்கது. ‘ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா’ எனப்படும் குரல் இழுப்பு நோயில், பேசத் தொடங்கியதும் குரல் நாண்கள் தாமாகவே ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. யாரோ கழுத்தை நெரிப்பதுபோல் சொல் நசுங்கி, நடுவில் அறுந்து, மீண்டும் பிதுங்கி வெளிவருகிறது. ஆனால் அதே மனிதர் சிரிக்கும்போதும் அழும்போதும், பலவேளைகளில் பாடும்போதும், குரல் தடையின்றி எழும். கிசுகிசுத்தால் சொற்கள் தெளிவாக வரும். உள்நோக்கிக் கருவியால் பார்த்தால் நாண்களில் புண்ணோ கட்டியோ தென்படாது. 1871இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் டிரௌபே விவரித்த இந்நோய், இந்த முரண்பாட்டின் காரணமாகவே, நூறாண்டுக்கு மேலாக மனக்கோளாறு என்று கருதப்பட்டது. உடலில் நோய் இருந்தும் மனத்தில் குற்றம் தேடப்பட்ட அந்த நோயாளிகளுக்கு இழைக்கப்பட்டது பெரிய அநீதி என்றே சொல்ல வேண்டும். 1976இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் டீடோ, குரல்வளைக்குச் செல்லும் நரம்பை ஒருபுறம் துண்டித்து இறுக்கத்தைத் தணித்துக் காட்டிய பிறகு கருத்து மாறத் தொடங்கியது. ஆயினும் அவ்வாறு சிகிச்சை பெற்றவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் இழுப்பு திரும்பியது. மூளை தசைகளுக்கு அனுப்பும் கட்டளை பிசகுவதால் எழும் ‘டிஸ்டோனியா’ என்னும் நோய்க் குடும்பத்தில் இதுவும் ஒன்று என்பது தெளிவானபின், 1984இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ பிளிட்சர் குரல்வளைத் தசையில் முதன்முதலாகப் பொட்டுலினம் நஞ்சைச் செலுத்தினார்.

ஊசி போடும்போது நோயாளி விழித்திருக்கிறார். கழுத்தின் முன்புறம், கேடய வடிவக் குருத்தெலும்புக்கும் அதன் கீழுள்ள வளைய வடிவக் குருத்தெலும்புக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் வழியாக மெல்லிய ஊசி செல்கிறது. ஊசியே மின்முனையாகவும் பயன்படுவதால், நோயாளி ‘ஈ’ என்று ஒலித்ததும், சரியான தசையைத் தொட்டிருந்தால் கருவியிலிருந்து படபடவென்ற ஓசை எழும். புருவங்களுக்கு இடையிலுள்ள சுருக்கத்தை நீக்க வழக்கமாக 20 அலகு செலுத்தப்படுகையில், குரல் நாணுக்குப் பெரும்பாலும் பக்கத்துக்கு ஓரிரு அலகே போதும், சிலருக்கு அதனினும் குறைவு. (ஆய்வகச் சுண்டெலிகளில் பாதியைக் கொல்லும் அளவே ஓர் அலகு என்பதை நினைத்தால் மருத்துவரின் கையிலுள்ள பொறுப்பு புரியும்.) ஓரிரு நாளில் இறுக்கம் தளர்கிறது, முதல் இரண்டு வாரம் அளவில் குரல் காற்றாய்க் கசிவதும், தண்ணீர் குடிக்கையில் புரையேறுவதும் உண்டு, அதன்பின் சில மாதங்கள் ஓரளவு இயல்பான பேச்சு, பிறகு மீண்டும் இறுக்கம், மீண்டும் ஊசி. அமெரிக்க வானொலியின் புகழ்பெற்ற நிகழ்ச்சியாளர் டயான் ரீமுக்கு 1998இல் இந்நோய் கண்டறியப்பட்டது. குரலையே தொழிலாகக் கொண்ட அவர் இந்தச் சுழற்சியோடு வாழ்ந்தபடியே 2016 வரை தம் அன்றாட நிகழ்ச்சியை நடத்தினார்.

நாண்கள் இறுகாமல் விரிந்து நின்று, குரல் காற்றாய் ஓடிவிடும் மற்றொரு வகையும் இந்நோயில் உண்டு. அதில் ஊசி ஏற்க வேண்டிய தசை மூச்சுவழியைத் திறப்பது; இருபுறமும் ஒருசேரத் தளர்ந்தால் மூச்சே முட்டும் என்பதால் மருத்துவர் மிகவும் தயங்கியே நடக்கிறார், பலனும் குறைவு.

விழுங்கும் கோளாறுகளில் இந்நஞ்சின் இடம் குறுகியது. உணவுக்குழாயின் மேல்வாயில் எப்போதும் மூடியிருந்து விழுங்கும் நொடியில் மட்டும் திறக்கும் வளையத்தசை, பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குத் திறக்க மறுக்கிறது. உணவு மேலேயே தேங்கிப் புரையேறுகிறது. அங்கு ஊசி உதவலாம், ஆனால் தொண்டைக்கு உணவைத் தள்ளும் வலு எஞ்சியிருந்தால் மட்டுமே. அதனால்தான் பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்-ரே படமாக ஓடவிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்கிறார்கள். குழாயின் கீழ்வாயில் திறவாமல் உணவு எதுக்களிக்கும் ‘அகலேசியா’ நோய்க்கு 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சு கட்டி உணவை உள்ளே தள்ள வைத்தார். 1990களில் பங்கஜ் பஸ்ரிச்சாவும் அவரது குழுவினரும் அதே இடத்தில் பொட்டுலினம் நஞ்சைச் செலுத்திப் பலன் கண்டனர். பலருக்கு ஓராண்டுக்குள் பலன் தேய்ந்துவிடுவதால், அறுவை சிகிச்சையைத் தாங்க இயலாத முதியவர்களுக்கே இன்று அது பெரிதும் தரப்படுகிறது.

கழுத்துத் தசை இறுக்கத்துக்காகப் போடப்படும் ஊசி அண்டைத் தசைகளுக்குப் பரவி விழுங்க இயலாமையை உண்டாக்குவதும் உண்டு. நஞ்சு இவ்வாறு பரவக்கூடும் என்ற கடும் எச்சரிக்கையை மருந்தின் குறிப்பில் அச்சிட 2009இல் அமெரிக்க அரசு ஆணையிட்டது. ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ போன்ற தசைத்தளர்ச்சி நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவது இன்றியமையாதது.

பிறந்ததுமுதல் ஏப்பமே வராமல், காற்று நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி அவதிப்படுவோருக்கும் உணவுக்குழாயின் அதே மேல் வளையத்தசைதான் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பாஸ்டியன் 2019இல் 51 நோயாளிகளைக் கொண்டு விளக்கினார். குரல் நோயாளிக்கு ஊசி சில மாதத் தவணையாகவே அமைகிறது; இவர்களில் பலருக்கோ, நஞ்சின் வேலை ஓய்ந்து தசை பழைய வலுவைப் பெற்ற பின்னும், ஒரே ஊசியில் கைவந்த ஏப்பம் நின்றுவிடுவதில்லை.