நெல் மணி அளவு மீனுக்கும் ஒரு பெயர்!

புதுக்கோட்டை மாவட்டம், கோட்டைப்பட்டினம் கடற்கரை. படகுகள் வந்து நிற்கின்றன. கூடை கூடையாக மீன் இறங்குகிறது.

இறால் ஒரு பக்கம். நண்டு ஒரு பக்கம். கணவாய் ஒரு பக்கம். பெண்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். என்ன வேகம்! கண் பார்ப்பதற்குள் கை பிரித்து விடுகிறது.

கடைசியில் ஒரு குவியல் மிஞ்சுகிறது. குஞ்சும் குறுமணியுமாக, நசுங்கிய சின்னஞ்சிறு மீன்கள். இதற்குச் "சங்காயம்" என்று பெயர். காய்ந்த பிறகு கோழித் தீவனத்துக்குப் போகும். அந்தக் குவியலில் உள்ள மீன்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டா என்று யாரும் கேட்பது இல்லை.

ஆனால், உலகத்தில் சிலர் கேட்டார்கள். நெல் மணி அளவே உள்ள ஒரு மீனைக் கையில் எடுத்து, "உன் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ஒரு நாட்டின் சக்கரவர்த்தி!

அந்தக் கதைதான் இது.

உளுவையின் பங்காளிகள்

உளுவை மீனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் ஊர்க் குளத்திலும் ஆற்றிலும் கிடைப்பது. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். ஆள் நிழல் பட்டால் விருட்டென்று பாயும்.

இந்த உளுவையின் குடும்பம் மிகப் பெரியது. குளம், ஆறு, கழிமுகம், கடல் எல்லா இடத்திலும் அதற்குப் பங்காளிகள் உண்டு. உலகம் முழுவதும் 2,000க்கும் மேற்பட்ட உளுவை இனங்களுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்து இருக்கிறார்கள். மீன் குடும்பங்களில் இவ்வளவு பெரியவை மிகச் சிலவே.

இவற்றில் மிகச் சிறியவை பவளப்பாறைகளில் வாழ்கின்றன. ராமநாதபுரம் பக்கத்தில் இந்தப் பாறையை "முருகைக் கல்" என்பார்கள். புதுக்கோட்டைக் கடலின் அடியில் பெரும்பாலும் சேறும் கடல் புல்லும்தான். தெற்கே போய் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கத்தை அடைந்தால் முருகைக் கல் வந்து விடும். அங்கிருந்து தூத்துக்குடி வரையில் உள்ள தீவுகளைச் சுற்றியும் அது வளர்ந்து நிற்கிறது.

அந்தக் கல்லில் ஊசி நுழையும் இடுக்குகள் ஆயிரம் ஆயிரம். ஒவ்வொரு இடுக்கும் ஒரு குட்டி உளுவைக்கு வீடு!

குஞ்சா? வளர்ந்த மீனா?

கன்னியாகுமரிக்குத் தெற்கே, 1,500 கிலோமீட்டருக்கு அப்பால், இந்துமகா சமுத்திரத்தின் நடுவில் சாகோஸ் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. லட்சத் தீவு, மாலத் தீவு, சாகோஸ் இந்த மூன்றும் கடலுக்கு அடியில் ஒரே மலைத் தொடரின் மேல் உட்கார்ந்து இருப்பவை.

அங்குள்ள பவளப்பாறைகளில் பிடித்த மீன்களை ரிச்சர்டு வின்டர்பாட்டம், ஆலன் எமரி என்ற இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒரு மீன் மிக மிகச் சிறியது. நீளம் ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை!

பார்த்தவுடன் யாருக்கும் என்ன தோன்றும்? "இது ஏதோ ஒரு மீனின் குஞ்சு" என்றுதான் தோன்றும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வயிற்றைப் பார்க்க வேண்டும். குஞ்சு மீன் சினை பிடிக்காது. இந்த மீனிலோ, 8 மில்லிமீட்டர் முதல் 10 மில்லிமீட்டர் நீளத்திலேயே பெண் மீன் சினைப் பருவத்துக்கு வந்து விட்டது. அது குஞ்சு அல்ல. வளர்ந்து முடிந்த தாய் மீன்!

1981ல் அந்த மீனுக்கு அவர்கள் பெயர் சூட்டினார்கள். "டிரிம்மாட்டம் நானஸ்" என்பது அந்தப் பெயர். "நானஸ்" என்றால் லத்தீன் மொழியில் குள்ளன் என்று பொருள். முதுகெலும்பு உள்ள பிராணிகளிலேயே மிகச் சிறியது இதுதான் என்று பல ஆண்டுகள் இந்த மீனைச் சொன்னார்கள். பிறகு 2004ல் ஆஸ்திரேலியாவில் ஒரு மீனும், 2006ல் சுமத்ராவின் சதுப்பு நிலத்தில் ஒரு மீனும் போட்டிக்கு வந்தன. 2012ல் நியூகினியில் ஒரு தவளையும் போட்டியில் சேர்ந்து கொண்டது!

பெயர் வைப்பது எப்படி?

வீட்டில் குழந்தை பிறந்தால் நாள் பார்த்துப் பெயர் வைக்கிறோம். மீனுக்குப் பெயர் வைப்பது அதைவிடக் கஷ்டம்.

முதலில் மீனைப் பிடிக்க வேண்டும். இடுக்குக்குள் கை போகாது. வலையும் போகாது. அதனால் கிராம்பு எண்ணெயைக் கலந்து பீய்ச்சுகிறார்கள். பல் வலிக்கு நாம் வைக்கும் அதே கிராம்பு எண்ணெய்தான்! மீன் மயங்கி விடுகிறது. பிறகு மெல்ல எடுத்துக் கொள்கிறார்கள்.

உடனே படம் எடுக்க வேண்டும். தாமதம் கூடாது. உயிரோடு இருக்கும்போது சிவப்பும் மஞ்சளுமாக மின்னும் மீன், சாராயச் சத்தில் போட்டுவிட்டால் வெளுத்துப் போகும். நிறம் போனால், பாதி அடையாளம் போயிற்று.

அடுத்தது கணக்கு வேலை. பூதக் கண்ணாடியின் கீழே வைத்துத் துடுப்பில் உள்ள முட்களை எண்ண வேண்டும். செதில்களை எண்ண வேண்டும். எக்ஸ்ரே எடுத்து முதுகெலும்புக் கணுக்களை எண்ண வேண்டும். வயிற்றுத் துடுப்பையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான உளுவைகளுக்கு வயிற்றுத் துடுப்பு இரண்டும் ஒட்டி ஒரு கிண்ணம் போல இருக்கும். அதைக் கொண்டு அலையில் அடித்துப் போகாமல் கல்லைக் கவ்விக் கொள்ளும். சில குள்ள இனங்களில் இந்தத் துடுப்பு பிரிந்தே இருக்கும்.

எண்ணி முடித்த பிறகு, இதற்கு முன்பு பெயர் வைத்த மீன்களோடு ஒப்பிட வேண்டும். ஒரு முள் கூடுதலா? ஒரு புள்ளி குறைவா? இந்தக் காலத்தில் மரபணுவையும் ஒப்பிடுகிறார்கள். வேறு எதனோடும் ஒத்துப் போகவில்லை என்று தெரிந்தால்தான் அது புது இனம்.

அதன் பிறகு பெயர். முதல் சொல் குடும்பக் கிளையைக் காட்டும். இரண்டாவது சொல் அந்த மீனுக்கு மட்டுமே உரியது. நம் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருப்பது போல! சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758ல் மிருகங்களுக்கு வகுத்த முறை இது. இன்று வரை இதுதான் நடக்கிறது.

பெயர் வைத்ததோடு வேலை தீரவில்லை. அந்த மீனை ஒரு புட்டியில் போட்டு அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்த வேண்டும். நூறு ஆண்டுக்குப் பிறகு சந்தேகம் வந்தாலும், அந்தப் புட்டியைத் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். பத்திரப் பதிவு ஆபீசில் மூலப் பத்திரம் இருப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

புள்ளி எண்ணிய சக்கரவர்த்தி

இந்த வேலையைச் செய்த சக்கரவர்த்தி யார்?

அவர் ஜப்பான் நாட்டின் அகிஹிட்டோ. இளவரசராக இருந்தபோதே அவருக்கு உளுவை மீன்கள் மீது ஆசை. 1963ல் உளுவைகளின் தோள் எலும்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 29.

உளுவைகளின் தலையிலும் கன்னத்திலும் கண்ணுக்குத் தெரியாத சிறு மொட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும். தண்ணீர் அசைவதை மீன் இவற்றால்தான் உணர்கிறது. இந்த வரிசை இனத்துக்கு இனம் மாறும். அகிஹிட்டோ இந்தப் புள்ளி வரிசைகளை வைத்து இனம் பிரிப்பதில் கைதேர்ந்தவர்.

1989ல் பட்டத்துக்கு வந்தார். மீன் ஆராய்ச்சியை விடவில்லை. 2013 டிசம்பரில் சென்னைக்கும் வந்து போனார். 2019ல் தாமாகவே பட்டம் துறந்தார். பிறகு என்ன செய்தார்? மறுபடியும் பூதக் கண்ணாடிதான்! 2021ல், தம் 87வது வயதில், இரண்டு புதிய உளுவை இனங்களுக்குப் பெயர் சூட்டிக் கட்டுரை வெளியிட்டார்.

தம் பெயரைத் தாமே மீனுக்கு வைத்துக் கொள்வது இந்தத் துறையில் வழக்கம் இல்லை. மற்றவர்கள்தான் வைக்க வேண்டும். 2005ல் இரு விஞ்ஞானிகள் ஒரு உளுவைக்கு "எக்சிரியாஸ் அகிஹிட்டோ" என்று பெயர் வைத்து அவரைக் கவுரவித்தார்கள்.

பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல்

இதெல்லாம் வெளிநாட்டார் சமாச்சாரம், நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம்.

தரங்கம்பாடியில் 200 ஆண்டுகளுக்கு முன்பு ஜான் என்ற பாதிரியார் இருந்தார். நம் கடல் மீன்களைப் பதப்படுத்தி, ஜெர்மனியில் பெர்லின் நகரில் இருந்த பிளாக் என்ற மீன் நிபுணருக்கு அனுப்பி வந்தார். மீனோடு, மீனவர்கள் சொன்ன பெயரும் போயிற்று. 1793ல் பிளாக் அவற்றில் ஒரு கத்தாளை மீனுக்கு "ஜானியஸ் கருட்டா" என்று பெயர் வைத்தார். முதல் சொல் பாதிரியாரைக் குறிக்கும். இரண்டாவது சொல்? நம் "கறுத்த கத்தாளை"யில் உள்ள "கறுத்த" தான் அது!

எந்த மீனவர் அந்தச் சொல்லைச் சொன்னாரோ, தெரியாது. அவர் சொன்ன தமிழ்ச் சொல் இன்றும் உலகப் பட்டியலில் நிற்கிறது.

சென்னையில் ராணுவ டாக்டராக இருந்த பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர், 1875 முதல் 1878 வரை "இந்திய மீன்கள்" என்ற பெரும் நூலை வெளியிட்டார். 1,400க்கும் மேற்பட்ட மீன்கள் அதில் இருக்கின்றன. நாடு விடுதலை பெற்ற 1947ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையிடம் நம் மண்டபத்தில்தான் இருந்தது.

59 நாள் வாழ்க்கை

"சரி, நெல் மணி அளவு மீனால் யாருக்கு என்ன பயன்? சட்டிக்கும் ஆகாது, சந்தைக்கும் ஆகாது" என்று நீங்கள் கேட்கலாம்.

ஆஸ்திரேலியாவின் பவளப்பாறையில் "எவியோட்டா சிகில்லாட்டா" என்ற குள்ள உளுவை இருக்கிறது. அதன் காதுக்குள் ஒரு சிறு கல் உண்டு. மரத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழுவது போல, அந்தக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழும். விஞ்ஞானிகள் அதை எண்ணினார்கள். அதிக வயது எவ்வளவு தெரியுமா? 59 நாள்! ஆடி முதல் தேதி பிறந்தால், புரட்டாசியைப் பார்க்காது. அதற்குள் வளர்ந்து, சினை பிடித்து, முட்டையிட்டு, வாழ்க்கை முடிந்து விடுகிறது.

ஏன் இந்த அவசரம்? எல்லாரும் அதைத் தின்கிறார்கள். அதனால்தான் அது ஓயாமல் பிறந்து கொண்டே இருக்கிறது. 2019ல் வெளியான ஓர் ஆராய்ச்சி ஒரு கணக்குச் சொன்னது. பவளப்பாறையில் இரையாகிப் போகும் மீன்களின் எடையில், நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது பங்கு இப்படிப்பட்ட ஒளிந்து வாழும் குட்டி மீன்கள்தானாம்! அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம் போல, இடுக்கில் இருந்து இரை வந்து கொண்டே இருக்கிறது.

நம் சட்டிக்கு வரும் கலவாயும் விளமீனும் எதைத் தின்று வளர்ந்தன என்று யோசித்துப் பாருங்கள். குட்டி உளுவை நேராகச் சந்தைக்கு வரவில்லை. பெரிய மீனின் வயிற்றில் ஏறி வருகிறது!

பெயர் இல்லாவிட்டால்?

முருகைக் கல்லுக்கு ஆபத்து வந்து இருக்கிறது. ஒரு காலத்தில் அதை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டார்கள். 2001ல் வன உயிர்ச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு வந்தது. ஆனால், கடல் சூடானால் சட்டம் என்ன செய்யும்? 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் சூடு தாங்காமல் வெளுத்துப் போயின. கல் செத்தால் இடுக்கு போகும். இடுக்கு போனால் குட்டி உளுவை போகும். உளுவை போனால் கலவாய்க்கு ஏது இரை?

2022ல் தமிழக அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுவுக்கான காப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் அந்தப் பெரிய பிராணிக்குப் பெயர் இருந்தது. குறைந்து வருகிறது என்ற கணக்கும் இருந்தது. அதனால் சட்டம் துணைக்கு வந்தது.

பெயரே இல்லாத மீனுக்கு யார் காப்பகம் அமைப்பார்கள்? அது இருந்தது என்றே தெரியாதபோது, அழிந்தது எப்படித் தெரியும்? ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்கு அரிசி இல்லை. மீனுக்கும் அதே நியாயம்தான்.

பெயரின் அருமை புதுக்கோட்டைக்காரர்களுக்குத் தெரியாதது அல்ல. 1991ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, அதுவரை கைநாட்டு வைத்த தாய்மார்கள் எத்தனையோ பேர் முதன்முதலாகத் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். "நான் இன்னார்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், குழந்தைகளையும் கூட்டிக் கொண்டு போங்கள். அந்தச் சங்காயக் குவியலைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் மீனவரிடம், "அண்ணே, இது என்ன மீன்?" என்று கேளுங்கள்.

அவர் ஒரு பெயர் சொன்னால், குழந்தையை விட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். "தெரியலையே தம்பி" என்றால், அந்த மீனை இன்னும் ஒரு முறை நன்றாகப் பாருங்கள்.

யாரும் பெயர் வைக்காத மீனாகக்கூட அது இருக்கலாம்!