ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் கமரா

ஒலிம்பஸ் ஓஎம்-4
35 மி.மீ. படச்சுருள் கமரா, ஜப்பான், 1983

இரத்தினபுரி மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவரைப் படமெடுக்கும்போது பின்னால் வானம் வெளுத்துக் கிடக்கும். காட்சி முழுவதையும் சராசரியாக அளக்கும் கமரா வானத்துக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். இக்கமராவின் ஸ்பாட் அளவீடு காட்சியின் நடுவில் ஏறக்குறைய 2 சதவீதப் பரப்பை மட்டுமே அளக்கிறது. நடு வட்டத்தை முகத்தில் வைத்து 'ஸ்பாட்' பொத்தானை அழுத்தினால் முகம் தெளியும். இப்படி 8 இடங்கள் வரை அளந்து சராசரியும் எடுக்கலாம்.

ஒளியளவி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடும். கேகாலைத் தோட்டத்தில் சிரட்டைக்குள் வடியும் இறப்பர் பாலை அளந்தால், வெள்ளைப் பாலும் சாம்பலாகவே பதியும். இக்கமராவின் 'ஹைலைட்' பொத்தான் ஒளியை 2 ஸ்டாப் (ஒளியளவுப் படி) கூட்டி, வெள்ளையை வெள்ளையாகவே பதியச் செய்கிறது.