செர்னிக்குப் பிறகு இடது கை

செர்னி 599 புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிள்ளை எட்டிவிட்டால், அந்த வாரமே அம்மாவிடமிருந்து போன் வரும். “மிஸ், புக் முடிஞ்சிடுச்சு. அடுத்தது 849 வாங்கிடவா?” பெரம்பூரில் வீட்டுக் கூடத்தில் பியானோ சொல்லித்தரும் எனக்கு இது பழகிய கேள்வி. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கார்ல் செர்னி பீத்தோவனிடம் படித்தவர், லிஸ்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் எழுதிக் குவித்த பயிற்சிகளை 599, 849, 299, 740 என்று வரிசையாக முடிப்பதுதான் பியானோ படிப்பு என்று நம்பும் வகுப்புகள் எத்தனையோ நாடுகளில் இருக்கின்றன.

நான் புத்தகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு வேலை கொடுப்பேன். கடைசியாகப் படித்த நாலைந்து பீஸ்களை இடது கையால் மட்டும் வாசிக்கச் சொல்வேன். என்ன கேட்கும் தெரியுமா? சி-ஜி-ஈ-ஜி, சி-ஜி-ஈ-ஜி. ஒரு கார்டைத் துண்டு துண்டாக உடைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இந்த முறைக்கு ‘ஆல்பெர்ட்டி பேஸ்’ என்று பெயர். டொமெனிகோ ஆல்பெர்ட்டி என்ற பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸ்காரரின் பெயரால் வந்தது. அழகான உத்திதான், மொசார்ட்டே நிறையக் கையாண்டிருக்கிறார். ஆனால் இரண்டு மூன்று வருஷப் படிப்பில் மெட்டு முழுக்க வலது கைக்கே போய்விடுகிறது. இடது கை ஒத்து ஊதிக்கொண்டே இருக்கிறது. அடிப்படைப் பாடம் முடித்த பிள்ளைகள் பெரும்பாலோருக்கு இருக்கும் குறை இதுதான். இதே கையோடு 849-க்குப் போனால் வேகம் கூடும், குறை அப்படியே இருக்கும்.

ஆகவே இடது கைக்குப் பேச வாய்ப்புத் தரும் பீஸ்களாகத் தேடுகிறேன்.

முதலில் எடுப்பது புர்க்முல்லர். ஜெர்மனியில் பிறந்து பாரிஸில் குடியேறியவர். அவருடைய ஓபஸ் 100-இல் 25 சின்னப் பயிற்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குணம். இரண்டாவது பயிற்சியான ‘அராபெஸ்க்’ பிள்ளைகளின் செல்லம். வலது கை ஏ-பி-சி-பி-ஏ என்று ஐந்து சுரங்களில் குறுகுறுவென்று ஓடும், இடது கை கார்டுகளைத் தட்டும். இதுவரை பழைய கதைதான். நடுப்பகுதியில் அந்த ஓட்டம் இடது கைக்கு மாறும். முதல் பக்கத்தைப் பறந்து வாசித்த பிள்ளை அந்த இடத்தில் வழுக்கும். பல பதிப்புகளில் வேகம் 152 என்று அச்சிட்டிருக்கும்; அதை மறந்துவிட்டு, இடது கை தெளிவாக வாசிக்கக்கூடிய வேகம் எதுவோ அதையே பீஸ் முழுவதற்கும் வைக்கச் சொல்வேன். 70 என்றால் 70. வலது கைக்கு முதலில் எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.

அடுத்து ஷூமன். 1848-இல் தன் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய ‘இளையோர் ஆல்பம்’, ஓபஸ் 68, மொத்தம் 43 பீஸ்கள். பத்தாவது, வேலை முடிந்து வீடு திரும்பும் உழவனைப் பற்றியது. அதில் மெட்டு முழுவதையும் இடது கைதான் தாங்கும். வலது கை இடையிடையே மெல்லிய கார்டுகளைப் போடும், சில இடங்களில் மெட்டோடு சேர்ந்துகொள்ளும். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றுக் கற்றுக்கொள்ள வந்த ஒரு மாணவர் இதை வாசித்துவிட்டு, “இத்தனை நாளா இந்தக் கைக்குச் சம்பளமே போடலையே மிஸ்” என்றார். எட்டாவது பீஸிலும் குதிரை ஓட்டம் வலது கையில் தொடங்கி நடுவில் இடதுக்குத் தாவும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு பருவத்துக்குப் போதும்.

பாக் இல்லாமல் முடியுமா? அவர் மனைவி அன்னா மக்தலேனாவின் நோட்டுப் புத்தகத்திலுள்ள ஜி மேஜர் மினுவெட்டை எல்லாரும் பாக் என்று நினைத்தே வாசிக்கிறார்கள். அது கிறிஸ்டியான் பெட்சோல்ட் எழுதியது. யார் எழுதினாலென்ன, அதன் இடது கை வரியைத் தனியாக வாசித்தால் அதுவே ஒரு பாட்டு. அது கைவந்த பிறகுதான் பாக்கின் 15 இன்வென்ஷன்கள். 1723-இல் அவற்றைத் தொகுத்தபோது, இரண்டு குரல்களைச் சுத்தமாக வாசிக்கவும், பாடுவது போல் வாசிக்கும் பழக்கம் வரவும் இவை என்று முகப்பில் எழுதினார். முதல் இன்வென்ஷனில் வலது கை சொன்னதை இடது கை ஒரு ஆக்டேவ் கீழே உடனே திருப்பிச் சொல்கிறது. எஜமான், வேலையாள் என்ற பேச்சே இல்லை. இதற்கு ஒரு பிள்ளை தயாரா என்று அறிய எனக்கு ஒரு சோதனை உண்டு: இடது கை வரியை வாசித்துக்கொண்டே வலது கை வரியை வாயால் பாட வேண்டும். நாலு பார் தாண்டினாலே ஆரம்பிக்கலாம்.

கர்நாடக சங்கீத வகுப்புக்கும் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் நான் தனியாக எடுத்து வைத்திருப்பது பார்ட்டோக்கின் ‘மிக்ரோகாஸ்மோஸ்’. ஆறு பாகம், 153 பீஸ்கள். ஆரம்பத்திலிருந்தே இரண்டு கையும் சரிசமம். முதல் பாகத்தில் 32-ஆவது பீஸ் டோரியன் என்ற சுர அமைப்பில் இருக்கிறது, 34-ஆவது ஃப்ரிஜியனில். டோரியன் பீஸை வாசித்த ஒரு சிறுமி நிறுத்திவிட்டு, “மிஸ், இது கரகரப்ரியாதானே, கமகம் மட்டும் இல்லை?” என்றாள். அதேதான். ஃப்ரிஜியன் அவளுக்கு ஹனுமதோடியாக வந்து சேர்ந்தது. மேற்கத்திய இசை படிக்கும் பிள்ளைகள் டோரியனைக் கோட்பாட்டுப் பாடமாக மனப்பாடம் செய்வார்கள். இவளுக்கு அது ஏற்கெனவே காதில் இருந்தது.

ஹானனைப் பற்றி எப்போதும் கேட்பார்கள். 1873-இல் வந்த அறுபது பயிற்சிகள். முதல் பகுதியில் இரண்டு கையும் ஒரே சுரங்களை ஒரு ஆக்டேவ் தள்ளி வாசிக்கும். இடது விரல்களுக்கு வேலை கிடைப்பது உண்மை, காதுக்கு வேலை இல்லை. அஞ்சு நிமிஷம் போதும்.

சினிமாப் பாட்டுக் கேட்கும் அப்பாக்களுக்கும் என்னிடம் பதில் உண்டு. ராஜா பாட்டாகவே எடுங்கள், ஆனால் பாடகர் பாடும் மெட்டை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரைக் காதால் கேட்டு இடது கையில் கொண்டுவரட்டும். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர் இளையராஜா. அவர் பேஸ் வரிகள் சும்மா கார்டைத் தாங்கி நிற்பதில்லை, தனி வழியில் நடக்கும். எழுதி வைத்த நோட்ஸ் இல்லாமல் இதைச் செய்வது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் கிடைக்காத வேலை.

கிரேடு தேர்வு எழுதும் பிள்ளைகள் ஒரு வருஷம் முழுக்க மூன்றே மூன்று பீஸ்களைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்கிறேன். தேர்வு இருக்கட்டும். கூடவே தினம் பத்து நிமிஷம், தன் தரத்துக்கு இரண்டு படி கீழே உள்ள புதிய பீஸ் ஒன்றைப் பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். நின்றுவிடாமல், தப்பைத் திருத்தாமல். புர்க்முல்லரின் 25-ஐயும் முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏழெட்டு நன்றாக வந்தால் அடுத்ததற்குப் போகலாம். செர்னி 849-ம் அலமாரியிலேயே இருக்கும். ஒரு குறிப்பிட்ட விரல் சிக்கலுக்கு மருந்தாக ஒரு பக்கம் எடுப்பேன்.

இந்தக் கட்டத்தில் புத்தகத்தைவிடப் பெரிய செலவு வாத்தியம். ஐந்து ஆக்டேவ், 61 கட்டை கீபோர்டில் படித்த பிள்ளை இன்வென்ஷனைத் தாராளமாக வாசிக்கலாம், அவை நாலு ஆக்டேவுக்குள் அடங்கிவிடும். அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறாத மாடலாக இருந்தால்தான் சிக்கல்: ஷூமனின் உழவனில் இடது கை மெட்டை வலது கை கார்டு மூழ்கடித்துவிடும். 88 கட்டை, எடையுள்ள டிஜிட்டல் பியானோ வாங்க முடிந்தால் நல்லது. கடையில் டெமோ பாட்டுகளைக் கேட்டு மயங்க வேண்டாம். இடது கையில் ஒரு சுரத்தை ஓங்கியும், அதே நேரத்தில் வலது கையில் ஒரு கார்டை மெதுவாகவும் அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் கேட்டால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.